வால்வைத் திருப்பிய கை



பரிசளிப்பு விழா மலர் என்றால் அரசர்களின் வரலாறும் தலைவர்களின் வரலாறும் இடம் பெறுவது வழக்கம். இம்முறை ஒரு பெட்டியின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். செம்பனை ஆலை, ரப்பர் ஆலை, சோப்பு ஆலை, பிஸ்கட் ஆலை என்று எதற்குள் நுழைந்தாலும், சுவரிலோ இரும்பு அலமாரியிலோ பொருத்தியிருக்கும் சின்னப் பெட்டி அது. முகத்தில் இரண்டு எண்கள் ஒளிரும். கீழே நாலைந்து பொத்தான்கள் இருக்கும். ஆலையில் அதைக் 'கண்ட்ரோலர்' என்பார்கள். தமிழில் கட்டுப்பாட்டுக் கருவி எனலாம். நீராவியின் அழுத்தம், எண்ணெயின் சூடு, தொட்டியின் நீர்மட்டம் ஆகியவற்றை ஆள் தொடாமலே சொன்ன அளவில் நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை.

"அந்தப் பெட்டி வந்ததிலேருந்துதான் நம்ம ஆளுங்களுக்கு வேலை போச்சு" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. முன்பு நாலு பேர் நின்ற இடத்தில் பிறகு ஒருவர்தான் நின்றார். ஆனால் அந்த ஒருவர் யார்? பொத்தானை அமுக்க மட்டும் தெரிந்தவரா? பெட்டிக்குள் என்ன எண்ணை வைக்கவேண்டும், ஏன் வைக்கவேண்டும் என்று தெரிந்தவரா? நம் பிள்ளைகளின் பிழைப்பு இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

அதற்கு விடை தேடித்தான் இந்த வரலாற்றைப் புரட்டுகிறோம். புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பெட்டிக்குள் இருக்கும் புத்தி வானத்திலிருந்து விழுந்ததல்ல. வால்வைத் திருப்பிய தொழிலாளியின் கையையும், சுக்கான் பிடித்த மாலுமியின் கண்ணையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்த புத்தி அது.

மிதவையும் அடுப்பும்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் தெசிபியஸ் என்ற கிரேக்க அறிஞர் வாழ்ந்தார். அவர் ஒரு நீர்க்கடிகாரம் செய்தார். ஒரு பாத்திரத்திலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி நேரத்தைக் காட்டும். பாத்திரத்தில் தண்ணீர் குறைந்தால் சொட்டும் வேகமும் குறைந்துவிடும். நேரம் தப்பிப் போகும். ஆகவே அவர் பாத்திரத்துக்குள் ஒரு மிதவையை விட்டார். தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறி, வரும் தண்ணீரை அடைக்கும். தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கி வழி விடும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பந்து மிதக்கிறதே, அதற்குப் பாட்டன் இந்த மிதவைதான்.

பிறகு 1620-களில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஹாலந்து நாட்டுக்காரர் கார்னெலிஸ் டிரெபெல், கோழி முட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்றைச் செய்தார். அடுப்பின் சூடு ஒரே அளவாக இருந்தால்தானே குஞ்சு பொரியும்? அதற்காக ஒரு கண்ணாடிக் குழாயில் சாராயத்தையும் பாதரசத்தையும் ஊற்றி வைத்தார். சூடு கூடினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு கம்பியைத் தூக்கும். கம்பி அடுப்பின் காற்று வழியை மூடும். நெருப்பு தணியும். சூடு குறைந்ததும் எல்லாம் தலைகீழாக நடந்து காற்று வழி திறந்துகொள்ளும்.

இந்த இரண்டிலும் மூன்று செயல்கள் இருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று அளப்பது. இரண்டு, அளந்ததை வேண்டிய அளவோடு ஒப்பிடுவது. மூன்று, வித்தியாசத்துக்குத் தக்கபடி திருத்துவது. திருத்தியதன் பலன் மறுபடியும் அளவில் தெரியும். மறுபடியும் ஒப்பிட்டுத் திருத்தலாம். சக்கரம்போல் சுற்றிச் சுற்றி வரும் இந்த முறையைப் பின்னூட்டம் என்பர். அடுப்பில் சோறு பொங்கும்போது நம் தாய்மார்கள் விறகை இழுப்பதும், அடங்கினால் விறகைத் தள்ளுவதும் இதே முறைதான். அளப்பது கண், ஒப்பிடுவது மூளை, திருத்துவது கை. அவ்வளவுதான் வேறுபாடு.

வாட்டின் இரண்டு குண்டுகள்

நீராவி இயந்திரம் வந்த பிறகு இந்த வித்தைக்குப் பெரிய தேவை வந்தது. ஆலையில் பத்துத் தறி ஓடும்போது இயந்திரம் ஒரு வேகத்தில் போகும். ஐந்து தறியை நிறுத்தினால் சுமை குறைந்து வேகம் தறிகெட்டு ஏறும். ஒவ்வொரு தடவையும் ஓர் ஆள் ஓடிப்போய் நீராவி வால்வைச் சாத்த வேண்டும்.

1788-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் இதற்கு ஒரு வழி செய்தார். ஒரு தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகளைத் தொங்கவிட்டு, தண்டை இயந்திரத்தோடு சேர்ந்து சுழலச் செய்தார். வேகம் கூடினால் குண்டுகள் அகலும். அகன்றால் நீராவி வால்வு மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் நெருங்கும், வால்வு திறக்கும். இதற்குக் 'கவர்னர்' என்று பெயர். இந்த யோசனையும் வாட் தனியாகக் கண்டதல்ல. காற்றாலையில் மாவு அரைத்தவர்கள் கல்லின் இடைவெளியைச் சரி செய்ய இதுபோன்ற குண்டுகளை அதற்கு முன்பே வைத்திருந்தார்கள். மாவு மில்லுக்காரரின் கைவேலை, நீராவி இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இதில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, சுமை கூடினால் இயந்திரம் பழைய வேகத்துக்குச் சரியாகத் திரும்புவதில்லை. கொஞ்சம் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். இரண்டாவது, சில இயந்திரங்களில் வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக ஊஞ்சல்போல் ஆடத் தொடங்கும். குண்டு வால்வைச் சாத்தும், வேகம் மட்டுமீறி இறங்கும், உடனே திறக்கும், மட்டுமீறி ஏறும். ஏன் இப்படி ஆடுகிறது என்பதற்கு 1868-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற பேரறிஞர் கணித முறையில் விளக்கம் எழுதினார். இன்றைக்கும் ஆலையில் கருவியை அமைப்பவர் போராடுவது இந்த இரண்டு குறைகளோடுதான்.

சுக்கானியின் கை

அடுத்த பெரிய பாடம் கடலில் கிடைத்தது. நிக்கோலஸ் மினோர்ஸ்கி ரஷ்யாவில் பிறந்து 1918-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். கப்பலைத் தானாக ஓட்டும் கருவி செய்ய வேண்டும் என்று அவர் ஆராய்ந்தார். அதற்காக அவர் பார்த்தது கப்பலை ஓட்டும் சுக்கானியை. நல்ல சுக்கானி எப்படிச் சக்கரத்தைத் திருப்புகிறார் என்று கவனித்து, அதைக் கணக்காக எழுதினார். அந்தக் கட்டுரை 1922-இல் வெளிவந்தது.

அவர் கண்டது என்ன? அனுபவமுள்ள சுக்கானி மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்.

முதலாவது, இப்போது கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது? அதிகம் விலகினால் அதிகம் திருப்புகிறார். கொஞ்சம் விலகினால் கொஞ்சம் திருப்புகிறார். இது விகிதத் திருத்தம்.

இரண்டாவது, எவ்வளவு நேரமாக விலகியே இருக்கிறது? பக்கத்துக் காற்று ஓயாமல் தள்ளிக்கொண்டிருந்தால், முதல் திருத்தம் மட்டும் போதாது. கப்பல் எப்போதும் கொஞ்சம் விலகியே போகும். ஆகவே சுக்கானி சக்கரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டித் திருப்பி, விலகல் மறையும்வரை விடமாட்டார். நடந்து போன பிழைகளையெல்லாம் கூட்டி வைத்துச் செய்வதால் இது தொகைத் திருத்தம்.

மூன்றாவது, எவ்வளவு வேகமாக விலகுகிறது, அல்லது எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது? கப்பல் நேர்வழிக்கு வந்து சேர்வதற்கு முன்பே அவர் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவார். இல்லாவிட்டால் கப்பல் மறுபக்கம் தாண்டிப் போய்விடும். இது வேகத் திருத்தம்.

சோறு பொங்கும் உதாரணத்தையே பாருங்கள். நுரை மூடியைத் தொட்ட பிறகா அம்மா விறகை இழுக்கிறார்? நுரை ஏறுகிற வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே இழுக்கிறார். மினோர்ஸ்கி எழுதிய மூன்றாவது திருத்தம் அதுவேதான்.

1923-இல் 'நியூ மெக்சிகோ' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் இந்த முறை சோதிக்கப்பட்டது. பெரும்பாலான சுக்கானிகளைவிட நன்றாகவே கப்பல் வழி தவறாமல் சென்றது. ஆனாலும் கடற்படை அப்போது அந்தக் கருவியை ஏற்றுக்கொள்ளவில்லை. அதை வேண்டாம் என்று கப்பலில் வேலை செய்தவர்கள் எதிர்த்தார்கள். பெட்டி வந்தால் நம் இடம் என்னாகும் என்ற அச்சம் நம் தோட்டத்தில் மட்டும் தோன்றியதல்ல. அதற்கு வெகு முன்பே போர்க்கப்பலிலும் தோன்றியிருக்கிறது.

காற்றால் பேசிய பெட்டி

கப்பல் ஏற்காததை ஆலைகள் ஏற்றுக்கொண்டன. 1931-இல் அமெரிக்காவின் பாக்ஸ்போரோ கம்பெனி 'ஸ்டபிலாக்' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் முதல் இரண்டு திருத்தங்களும் இருந்தன. மூன்றையும் ஒரே பெட்டியில் சேர்த்து, முழுமையான கருவியாக 1940-இல் வெளியிட்டது ராச்செஸ்டர் நகரத்து டெய்லர் கம்பெனி. அதன் பெயர் 'புல்ஸ்கோப்'.

இந்தப் பெட்டிகளுக்கு மின்சாரம் தேவையில்லை. காற்றுதான் அவற்றின் மொழி. மெல்லிய குழாயின் வாய் வழியாகக் காற்று வெளியே வரும். அந்த வாயின் எதிரே ஒரு சிறு தகடு அசையும். தகடு நெருங்கினால் குழாய்க்குள் அழுத்தம் ஏறும், விலகினால் இறங்கும். அந்த அழுத்தம் வால்வுக்குப் போய் அதைத் திறக்கும், மூடும். எண்ணெய் ஆலையிலும் கேஸ் ஆலையிலும் மின்பொறி பறந்தால் ஆபத்து; காற்றில் அந்த அச்சம் இல்லை.

பிற்காலத்தில் அந்தக் காற்றுச் செய்திக்கு 3 முதல் 15 பவுண்டு அழுத்தம் என்று ஒரு பொது அளவு ஏற்பட்டது. ஏன் 0-விலிருந்து தொடங்காமல் 3-இல் தொடங்கினார்கள்? அதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. 3 என்றால் 'அளவு சுழி' என்று பொருள். 0 வந்தால் 'குழாய் உடைந்துவிட்டது' என்று பொருள். சும்மா இருப்பவனுக்கும் செத்துப் போனவனுக்கும் உள்ள வித்தியாசம் அது. பிறகு மின்சாரக் கருவிகள் வந்தபோதும் இதே காரணத்துக்காக 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டார்கள்.

கருவிகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றை எப்படி அமைப்பது? மூன்று திருகுகள் இருந்தன. ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபடி திருகினார்கள். சிலருக்குச் சரியாக வந்தது; பலருக்கு ஆலையே ஊஞ்சலாடியது. 1942-இல் டெய்லர் கம்பெனியைச் சேர்ந்த ஜான் சீக்லர், நத்தேனியல் நிக்கோல்ஸ் என்ற இருவர் எளிய விதி ஒன்றை வெளியிட்டார்கள். தொகைத் திருத்தத்தையும் வேகத் திருத்தத்தையும் முதலில் விலக்கி வை. விகிதத் திருத்தத்தை மட்டும் மெல்ல மெல்லக் கூட்டு. ஒரு கட்டத்தில் அளவு ஏறி இறங்கி ஒரே சீராக ஆடும். அந்த இடத்தைக் குறித்துக்கொள். ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பதையும் குறித்துக்கொள். விகிதம் மட்டும் போதுமென்றால் அதில் பாதியை வை. மூன்றும் வேண்டுமென்றால் பத்தில் ஆறு பங்கை வை. தொகைத் திருத்தத்துக்கு ஆட்ட நேரத்தில் பாதி, வேகத் திருத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு. எண்பது ஆண்டுகள் கடந்தும் இன்று பொறியியல் மாணவர்கள் இந்த விதியைப் படிக்கிறார்கள்.

நம் செம்பனை ஆலையில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாவில் செம்பனை முதன்முதலாக வாணிபப் பயிராக நடப்பட்டது 1917-ஆம் ஆண்டில். இடம், சிலாங்கூரில் முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட ஊரின் பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டம். அந்தப் பெயரைச் சொன்னாலே நமக்குப் புரியும். நட்டவர் ஹென்றி போகோன்யே என்ற பிரெஞ்சுக்காரர். அங்கிருந்து பரவிய பயிர் பின்னாளில் ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுத் தோட்டம் தோட்டமாக நிறைந்தது.

வெட்டிய குலை ஆலைக்கு வந்ததும் முதல் வேலை அதை நீராவியில் அவிப்பது. படுத்த நிலையில் இருக்கும் நீண்ட இரும்பு உருளைக்குள் கூண்டு வண்டிகளைத் தள்ளிக் கதவைப் பூட்டுவார்கள். இதுதான் 'ஸ்டெரிலைசர்'. அவித்தால்தான் பழம் குலையிலிருந்து கழன்று விழும். அவித்தால்தான் எண்ணெயைப் புளிக்க வைக்கும் நொதி சாகும். குறைவாக அவித்தால் பழம் குலையிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும். அதிகமாக அவித்தால் எண்ணெய் கறுக்கும். கழிவுத் தண்ணீரோடு எண்ணெயும் ஓடிப்போகும். சுமார் ஒன்றரை மணி நேரத்து வேலையில் ஆலையின் லாப நட்டம் அடங்கியிருந்தது என்றால் மிகையாகாது.

ஆலைகளில் பரவலாக வழங்கிய முறை 'மூன்று உச்சம்'. முதலில் நீராவியை ஏற்றி, பிறகு 'புஸ்' என்று வெளியே விடுவார்கள். இரண்டாவது முறையும் ஏற்றி விடுவார்கள். மூன்றாவது முறை ஏறக்குறைய 40 பவுண்டு அழுத்தம்வரை ஏற்றி அப்படியே நிறுத்தி வைப்பார்கள். ஏன் இந்த வீண் வேலை என்று கேட்கத் தோன்றும். குலைகளுக்கு இடையே காற்று அடைந்து கிடக்கும். காற்று இருக்கும் இடத்தில் நீராவியின் சூடு புகாது. ஏற்றி இறக்கினால் காற்று வெளியேறிவிடும். லயத்து வீடுகள்வரை கேட்ட அந்தப் 'புஸ்' சத்தத்துக்குக் காரணம் இதுதான்.

கையால் செய்த காலத்தில் ஒருவர் மூன்று வால்வுகளைக் கவனிக்க வேண்டும். நீராவி வரும் வால்வு, வெளியேறும் வால்வு, அடியில் தேங்கும் தண்ணீர் வால்வு. பழைய ஆள் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பது இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, ஊசி இன்னும் நாப்பதத் தொடல. வால்வைத் தொறந்தே வைக்கவா?"

"தம்பி, ஊசி எங்க நிக்குதுன்னு மட்டும் பாக்காத. ஏறுற வேகத்தப் பாரு. இப்பவே கொஞ்சம் சாத்து. தானா போயி நிக்கும்."

மினோர்ஸ்கி 1922-இல் கணக்காக எழுதியதையே இந்த அண்ணன் பேச்சாகச் சொல்கிறார். அவர் படித்த பள்ளிக்கூடம் அந்த வால்வுதான்.

பிறகு இந்த வரிசை வேலைக்கும் கருவி வந்தது. ஓரம் மேடும் பள்ளமுமாக வெட்டிய வட்டத் தகடு ஒன்று மெல்லச் சுழலும். மேட்டில் அழுத்தம் ஏறும், பள்ளத்தில் இறங்கும். ஆனால் நேரத்தை மாற்ற வேண்டுமானால் தகட்டையே புதிதாக வெட்ட வேண்டும்.

இதுபோன்ற தொல்லை கார் தொழிற்சாலைகளிலும் இருந்தது. ஆண்டுதோறும் கார் மாடல் மாறும்போது, ஆயிரக்கணக்கான மின்சாரக் கம்பிகளைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இதற்கு மாற்று கேட்டது. டிக் மோர்லி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 'மோடிக்கான் 084' என்ற கருவியைச் செய்து 1969-இல் கொடுத்தார்கள். கம்பியை மாற்றாமல், எழுதி வைத்த கட்டளையை மட்டும் மாற்றினால் போதும். இதன் வழிவந்தவைதான் இன்று 'பி.எல்.சி.' எனப்படும் பெட்டிகள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எழுதும் முறையைக் கணிதப் பேராசிரியருக்காக அமைக்கவில்லை. எலெக்ட்ரீஷியன்கள் ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஏணி வடிவச் சர்க்யூட் படத்தையே அதில் வைத்தார்கள். ஆலையில் வேலை செய்பவனுக்குப் புரியவில்லை என்றால் அந்தக் கருவி உதவாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கருவியை அமைக்கும் முறை

பெட்டியின் முகத்தில் பெரும்பாலும் மேலே தெரிவது உள்ள அளவு. கீழே தெரிவது வேண்டிய அளவு. பெட்டியைத் திறந்து புது எண்களை வைக்கும்போது நல்ல டெக்னீஷியன் பின்பற்றும் வரிசை இது.

முதலில், பழைய எண்களையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். எழுதாமல் கை வைத்தால் திரும்பி வர வழி இருக்காது.

அடுத்து, எந்த உணர்வி மாட்டியிருக்கிறது, அதன் எல்லை என்ன என்று பார்ப்பார். உணர்வி 0 முதல் 100 பவுண்டுவரை அளப்பது. பெட்டியில் 0 முதல் 60 என்று வைத்திருந்தால், ஒவ்வோர் எண்ணும் பொய்யாகிவிடும்.

அடுத்து, திசை. நீராவி வரும் வால்வானால், அழுத்தம் கூடும்போது வால்வு மூட வேண்டும். வெளியேற்றும் வால்வானால், அழுத்தம் கூடும்போது திறக்க வேண்டும். இந்தத் திசையை மாற்றி வைத்துவிட்டால் கருவி பிழையைத் திருத்தாது. பிழைக்கு உரம் போட்டு வளர்க்கும்.

அடுத்து, காற்றோ மின்சாரமோ திடீரென்று நின்றுவிட்டால் வால்வு எந்தப் பக்கம் போகும்? நீராவி வரும் வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும். இது பெட்டியில் வைக்கும் எண் அல்ல. வால்வை வாங்கும்போதும் மாட்டும்போதும் கவனிக்க வேண்டியது.

அதன்பின் கருவியைக் கைமுறையில் வைத்து, வேண்டிய அளவுக்குப் பக்கத்தில் மெல்லக் கொண்டுவந்து, பிறகுதான் தானியங்கி முறைக்கு மாற்றுவார். விகிதத்தை முதலில் வைப்பார். தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார். வேகத் திருத்தத்தைத் தேவை இருந்தால் மட்டும், உப்புப் போடுவதுபோல் போடுவார். அளவு காட்டும் ஊசி நடுங்கிக்கொண்டே இருந்தால் வேகத் திருத்தம் அந்த நடுக்கத்தையும் பெரிதாக்கி வால்வைத் தேய்த்துவிடும்.

தொகைத் திருத்தத்திலும் ஓர் ஆபத்து உண்டு. பாய்லரில் நீராவி போதவில்லை என்று வைத்துக்கொள்வோம். வால்வு முழுதும் திறந்தும் அழுத்தம் ஏறவில்லை. கருவியோ 'இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும்' என்று கணக்கைக் கூட்டிக்கொண்டே போகும். பிறகு நீராவி வந்ததும், சேர்த்து வைத்த கணக்கு தீரும்வரை வால்வை மூடாது. அழுத்தம் எகிறிப் போகும். இப்போது வரும் நல்ல கருவிகளில் இதற்குத் தடை இருக்கிறது. ஆனால் அது என்ன தடை, ஏன் இருக்கிறது என்று அமைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் இருந்தாலும் பாதுகாப்பு வால்வு தனியாக இருந்தே தீர வேண்டும். ஸ்டெரிலைசர் கதவைத் திறக்கும் முன் உள்ளே அழுத்தம் சுத்தமாக இல்லை என்பதைத் தனி மீட்டரில் பார்த்தே தீர வேண்டும். பெட்டி சொன்னது என்று கதவில் கை வைக்கக் கூடாது.

விளக்கு சொன்ன பொய்

பெட்டியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. 1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் விடியற்காலை நான்கு மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 'த்ரீ மைல் ஐலண்ட்' அணுமின் நிலையம். அழுத்தம் ஏறியதால் ஒரு வால்வு தானாகத் திறந்தது. அழுத்தம் இறங்கியதும் 'மூடு' என்ற கட்டளை போயிற்று. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வின் விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் நம்பினார்கள்.

வால்வு மூடவில்லை. திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. அந்த விளக்கு காட்டியது மூடச் சொன்ன கட்டளையை மட்டுமே. வால்வின் உண்மை நிலையை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, வேறொரு மீட்டர் நீர் அதிகமாக இருப்பதாகக் காட்டவே, தானாகத் தொடங்கிய அவசர நீரையும் அவர்கள் குறைத்துவிட்டார்கள். அணு உலையின் மையத்தில் ஏறக்குறையப் பாதி உருகிப் போயிற்று. பின்னர் விசாரித்த அதிபர் குழு, அங்கு வேலை செய்தவர்களுக்குக் கொடுத்த பயிற்சி போதவில்லை என்பதையும் முக்கிய குறையாக எடுத்துச் சொன்னது.

'சொன்னேன்' என்பது வேறு, 'நடந்தது' என்பது வேறு. வீட்டில் பிள்ளையைப் "படிச்சியாடா?" என்று கேட்பதோடு நிற்காமல் நோட்டைத் திறந்து பார்க்கும் தாய்க்கு இது தெரியும். ஆலையில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும்.

பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும்

இந்த வரலாறு நமக்கு என்ன சொல்கிறது? கருவி கையின் வேலையை எடுத்துக்கொண்டது. கையின் அறிவை நகல் எடுத்துக்கொண்டது. ஆனால் எந்த அளவு வேண்டும், எவ்வளவு திருத்த வேண்டும், எப்போது கருவியை நம்பக் கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை இன்னும் மனிதனிடம்தான் இருக்கிறது. அந்த மனிதன் நம் பிள்ளையாக இருக்க வேண்டாமா?

நம் மக்களில் பலர் தோட்டத்தை விட்டுப் பட்டணம் போய்விட்டார்கள். ஆனாலும் கிள்ளானிலும் பினாங்கிலும் பாசிர் கூடாங்கிலும் அவர்கள் நுழையும் ஆலைகளில் இதே பெட்டிதான் காத்திருக்கிறது. அந்தப் பெட்டியின் முன் இரண்டு வகை ஆள் நிற்கலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் சூப்பர்வைசரைத் தேடி ஓடுபவர் ஒருவர். ஏன் எரிகிறது என்று அறிந்து எண்ணை மாற்றுபவர் இன்னொருவர். இருவரும் ஒரே சிப்டில்தான் நிற்பார்கள். சம்பளமும் மதிப்பும் ஒன்றாக இரா.

மாணவச் செல்வங்களே! நான்காம் ஆண்டில் படிக்கும் பின்னமும் தசமமும் எதற்கு என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். சீக்லரும் நிக்கோல்சும் சொன்ன பாதி, பத்தில் ஆறு, எட்டில் ஒன்று எல்லாம் பின்னக் கணக்குத்தானே! அறிவியல் பாடத்தில் வரும் வெப்பமும் அழுத்தமும் ஸ்டெரிலைசருக்குள் இருப்பவைதான். இடைநிலைப்பள்ளி முடிந்ததும் தொழிற்கல்லூரிக்கும் பொலிடெக்னிக்குக்கும் போகத் தயங்காதீர்கள். கையில் எண்ணெய் படும் படிப்பு தாழ்ந்த படிப்பு என்று யாராவது சொன்னால், வாட்டின் குண்டுகளுக்கு வழிகாட்டியவர்கள் மாவு மில்லுக்காரர்கள் என்று சொல்லுங்கள்.

பெற்றோர்களே! பாய்லரிலும் ஸ்டெரிலைசரிலும் காலமெல்லாம் நின்ற பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஊசி ஏறும் வேகத்தைக் கண்ணால் அளந்தவர்கள் அவர்கள். "எனக்கென்ன தெரியும், நான் படிக்காதவன்" என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். விடாதீர்கள். பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த வால்வை எப்போது சாத்தினீர்கள், ஏன் சாத்தினீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பாடத்தைப் பாட்டன் வாயால் கேட்டு, கணக்கைப் பள்ளியில் கற்று, இரண்டையும் சேர்த்துக்கொண்ட பிள்ளைக்கு எந்த ஆலையிலும் எந்தப் பெட்டியும் அச்சம் தராது.

வளர்க நம் பள்ளி! வாழ்க உழைப்பு!